எழுபதாவது நிமிடத்தில் தூக்கப்படும் பலகை

ஈப்போ பேராக் ஸ்டேடியம். எழுபதாவது நிமிடம். நாம் 1-0 என்று முன்னணியில் இருக்கிறோம். எதிரணியின் தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கு மூச்சு வாங்குகிறது. நம் வலதுபக்கத் தாக்குதல்காரர் அவர்களை மூன்று முறை தாண்டிப் போய்விட்டார். இன்னொரு கோல் வரப்போகிறது என்று படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் தெரிகிறது. அப்போது கோட்டுக்கு வெளியே பலகையைத் தூக்குகிறார்கள். வெளியே வருவது அந்த வலதுபக்கக்காரர். உள்ளே போவது இன்னொரு தற்காப்பு ஆட்டக்காரர்.

பக்கத்தில் இருந்த சித்தப்பா, புந்தோங்கில் வாங்கிய கச்சாங் பூத்தே பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"கெளம்புடா. இனிமே ஆட்டம் இல்ல."

"நாமதான சித்தப்பா ஜெயிச்சிக்கிட்டு இருக்கோம்?"

"இவரு ஜெயிக்க வரல. தோக்காம வீட்டுக்குப் போக வந்திருக்காரு."

88ஆவது நிமிடத்தில் கோல் விழுந்தது. 1-1. கார் நிறுத்துமிடம்வரை சித்தப்பா பேசவே இல்லை.

அது எந்த ஆண்டு, எந்தப் பயிற்றுநர் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் இது ஒருவரைப் பற்றிய புகாராகச் சுருங்கிவிடும். உள்ளூர்க்காரர், வெளிநாட்டுக்காரர், சிரிப்பவர், கத்துபவர் என்று பலரைப் பார்த்துவிட்டேன். ஆள் மாறினாலும் பலகை அதே நிமிடத்தில்தான் தூக்கப்படுகிறது. எனக்கு அந்தப் பலகையோடுதான் சண்டை.

இதை 'நிதானம்' என்கிறார்கள். 'அனுபவம்' என்கிறார்கள். மறுநாள் ஒட்டுக்கடையில் தே தாரேக் குடித்துக்கொண்டே, "ஒரு புள்ளி கெடச்சிச்சில்ல, அது போதும்" என்று சொல்ல எப்போதும் ஓர் அண்ணன் இருப்பார். சரி, அவருடைய கணக்குக்கே வருவோம். லீக்கில் வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1. முன்பு வெற்றிக்கு 2தான். 1981இல் இங்கிலாந்து லீக் அதை 3 ஆக்கியது; 1994இல் உலகக் கிண்ணமும் அதே வழிக்கு வந்தது. பயந்து ஆடுகிறவனுக்கு லாபம் குறையவேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். பத்து ஆட்டத்தையும் சமநிலையில் முடித்தால் 10 புள்ளி. நான்கில் ஜெயித்து ஆறில் தோற்றாலும் 12 புள்ளி. இது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். ஆனால் தோல்வி மறுநாள் செய்தித்தாளில் தலைப்பாக வருகிறது. சமநிலை உள்பக்கத்தில் ஒரு மூலையில் வருகிறது. பயிற்றுநர் எண்ணிப்பார்ப்பது புள்ளிகளை அல்ல, தலைப்புகளை.

தற்காப்பு ஆட்டமே தப்பு என்று நான் சொல்வதாக நினைக்கவேண்டாம். 2004 ஐரோப்பியக் கிண்ணத்தில் ஒட்டோ ரெஹாகலின் கிரீஸ் அணி காலிறுதியில் பிரான்ஸ், அரையிறுதியில் செக் குடியரசு, இறுதியில் போர்த்துகல் என மூன்றையும் 1-0 என்றே வென்றது. மூன்று கோலும் தலையால் முட்டியவை. பார்க்க அழகில்லை என்று திட்டினார்கள். ஆனால் அது முதல் நிமிடத்திலேயே முடிவுசெய்யப்பட்ட திட்டம். தன் பலம் எது என்று தெரிந்தவன் போட்ட திட்டம். நான் பேசுவது வேறொன்றை. நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் அணியை, நன்றாக ஆடுகிறது என்பதற்காகவே நிறுத்துவது. கையில் ஒன்று கிடைத்ததும் அதை இழந்துவிடுவோமோ என்று நடுங்குவது. அதற்குத் திட்டம் என்று பெயரில்லை.

1967 மே 25, லிஸ்பன். ஐரோப்பியக் கிண்ண இறுதி ஆட்டம். ஹெலெனியோ ஹெரேராவின் இன்டர் மிலான், கதவைச் சாத்தும் ஆட்டத்தில் உலகுக்கே வாத்தியார். ஏழாவது நிமிடத்தில் பெனால்டியில் ஒரு கோல் போட்டது. பிறகு பின்வாங்கி உட்கார்ந்துகொண்டது. எதிரே ஸ்காட்லாந்தின் செல்டிக். விடாமல் அடித்துக்கொண்டே இருந்தார்கள். 63ஆவது நிமிடத்தில் சமன். 84ஆவது நிமிடத்தில் வெற்றிக் கோல். அந்தச் செல்டிக் அணியின் பதினொரு பேரும் கிளாஸ்கோ நகரைச் சுற்றி முப்பது மைலுக்குள் பிறந்தவர்கள்.

முப்பது மைல். ஈப்போவை நடுவில் வைத்து அப்படி ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா, கோப்பேங், கம்பார் எல்லாம் உள்ளே வந்துவிடும். ஒருகாலத்தில் அந்த வட்டத்தில் எத்தனை தோட்டம், எத்தனை திடல்! கோயிலுக்கும் லயத்துக்கும் நடுவில் ஒரு திடல் இல்லாத தோட்டத்தை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சித்தப்பாவின் கதை அங்கேதான் இருக்கிறது. எழுபதுகளின் கடைசி. அவருக்குப் பதினேழு வயது. விடியற்காலை பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, வாளி தூக்கி, ஸ்டோரில் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் வெறுங்காலில் பந்து விளையாடியவர். தோட்டங்களுக்கிடையிலான போட்டியில் இறுதி ஆட்டம். அணிக்குப் பொறுப்பு ஒரு கிராணி. துரை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறார். முதல் பாதியில் சித்தப்பாவின் தோட்டம் ஒரு கோல் போட்டுவிட்டது. அவ்வளவுதான், கிராணிக்கு வேர்த்துவிட்டது. "எல்லாம் பின்னால வாங்கடா! பந்த வெளிய அடிங்கடா!" சித்தப்பா ஜெர்சியைப் போட்டுக்கொண்டு கோட்டோரம் நிற்கிறார். எறங்கட்டுமா என்று இரண்டு முறை கேட்கிறார். "நீ சின்னப் பையன், தப்பு பண்ணிருவ. ஒக்காரு." கடைசியில் 2-1 என்று தோற்றார்கள்.

"தோத்தது கூட மறந்துபோச்சுடா," என்பார் சித்தப்பா. "ஆனா அந்த ஜெர்சியில வேர்வையே படல. அத அப்படியே மடிச்சுத் திருப்பிக் குடுத்தேன்."

இது ஏதோ ஒரு கிராணியின் குணம் மட்டுமில்லை. பயந்து ஆடுவதை நமக்குத் தோட்டம் சொல்லிக்கொடுத்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிலைக்கும். கேள்வி கேட்காதிருந்தால் வீடு நிலைக்கும். இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள், அது போதும். நம் தாத்தாக்கள் அப்படித்தான் ஆடினார்கள். அவர்களை நான் குறைசொல்லவில்லை. அவர்களுக்குப் பெஞ்சில் ஆளே இல்லை. ஆனால் என்ன ஆனது? ரப்பர் போய் செம்பனை வந்தது. தோட்டங்கள் கைமாறின, துண்டாகின, சில வீடமைப்புத் திட்டங்களாகின. லயத்தைக் காலிசெய்யச் சொன்ன நாளில், இத்தனை வருடம் அடங்கியிருந்தாயே என்று யாரும் ஒரு புள்ளி சேர்த்துக் கொடுக்கவில்லை. திடலும் போனது. எச்சரிக்கை எதைக் காப்பாற்றும் என்று நம்பினோமோ, அதைக் காப்பாற்றவில்லை.

அதனால்தான் பலகை தூக்கப்படும்போது சித்தப்பாவுக்குக் கோபம் வருகிறது. எனக்கும் வருகிறது.

வேறு மாதிரி ஆடவும் நம்மால் முடியும் என்பதற்குச் சாட்சி தூரத்தில் இல்லை. 2010 டிசம்பர். கே. ராஜகோபால் தேசிய அணியின் பயிற்றுநர். முந்தைய ஆண்டு அவருடைய இளையோர் அணி லாவோஸில் நடந்த சீ விளையாட்டில் தங்கம் வென்றிருந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த தங்கம். அந்தப் பையன்கள் பலரை நம்பித்தான் அவர் சுசுகி கிண்ணத்துக்குப் போனார். முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 5-1 என்று அடி. நிதானவாதிகள் அன்றே அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அவர் அனுப்பவில்லை. அதே இந்தோனேசியாவை இறுதிச் சுற்றில் புக்கிட் ஜாலிலில் சந்தித்தபோது, இரண்டாம் பாதியில் ஒரு கோல் விழுந்தது. நம் எழுபதாவது நிமிடப் பலகைக்கு இதைவிட நல்ல நேரம் உண்டா? ஆனால் அணி பின்வாங்கவில்லை. அடுத்த கால் மணி நேரத்துக்குள் இன்னும் இரண்டு கோல். 3-0. ஜகார்த்தாவில் 2-1 என்று தோற்றபோதும் கிண்ணம் நம்மிடம் வந்தது. அங்கே ஒரு பெனால்டியைத் தடுத்த கைருல் ஃபாமிக்கு அப்போது வயது 21. அந்தக் கூடுதல் இரண்டு கோல் இல்லையென்றால் மொத்தக் கணக்கு 2-2 என்று நின்றிருக்கும்.

பேராக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 மலேசியக் கிண்ண இறுதி ஆட்டம், ஷா ஆலாம். திரெங்கானுவோடு 3-3. பெனால்டியில் 4-1 என்று வென்றோம். 2000க்குப் பிறகு வந்த கிண்ணம். அன்று என் பின்னால் இருந்த மலாய்க்காரர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். இன்றுவரை அவர் பெயர் எனக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு எஃப்.ஏ. கிண்ண இறுதியில் கெடாவுடன் 0-0 என்று கூடுதல் நேரத்தின் கடைசிவரை இழுத்துக்கொண்டு போய், அங்கே ஒரு கோல் வாங்கித் தோற்றோம். இரண்டு இரவிலும் நான் ஸ்டேடியத்தில் இருந்தேன். மூன்று கோல் வாங்கிய இரவுதான் நினைவில் சிரிக்கிறது.

"ஒனக்கென்ன, நீ படிக்கட்டுல ஒக்காந்து பேசுவ. தோத்தா கோச்சுக்குத்தான வேலை போகும்" என்பார்கள். நியாயமான பேச்சுதான். நான்கு ஆட்டத்துக்கு ஒருமுறை பயிற்றுநரை மாற்றும் நிர்வாகம் பயந்த பயிற்றுநர்களைத்தான் உருவாக்கும். அந்தக் குற்றத்தில் நிர்வாகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 'தோத்தா கழுத்தப் புடி' என்று கத்தும் நமக்கும் உண்டு. ஆனால் சமநிலையாக ஆடிய பயிற்றுநர்கள் வேலையில் நிலைத்தார்களா? அவர்களும் போய்விட்டார்கள். பயந்தவரும் போகிறார், துணிந்தவரும் போகிறார். அப்படியிருக்க, போவதற்குமுன் பெஞ்சில் இருக்கும் பத்தொன்பது வயதுப் பையனை ஒரு இருபது நிமிடம் இறக்கிவிட்டுப் போனால் என்ன? ஐந்து பேரை மாற்றலாம் என்று விதியே வந்துவிட்டது. 85ஆவது நிமிடத்துக்குமேல் நேரத்தைக் கடத்துவதற்காகவா அந்த ஐந்து?

நம் அணி செலாடாங். காட்டெருமை. நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் மிருகம். 1921இல் தொடங்கியது, எட்டு முறை மலேசியக் கிண்ணம் வென்றது. அது 2021இல் சூப்பர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது. மீண்டு வந்து, 2025இல் லீக்கைவிட்டே விலகியது. காரணம் பணம். அதை எழுபதாவது நிமிடப் பலகையின் தலையில் கட்டும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஆனால் அந்தச் செய்தி வந்த அன்று, பாதுகாத்துப் பாதுகாத்துச் சேர்த்த அத்தனை ஒற்றைப் புள்ளிகளும் எங்கே போயின என்று யோசித்தேன். காப்பாற்ற அணியே இல்லை. வீணாய்ப்போனது, பெஞ்சிலேயே வயதான பையன்கள்தான்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுங்கை சிப்புட் பக்கம் பதினைந்து வயதுக்குட்பட்டோர் போட்டி. சித்தப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். ஒரு தமிழ்ப் பையன்கள் அணி. பயிற்றுநருக்கு என் வயதுதான் இருக்கும். 1-0 என்று முன்னணி. "எல்லாம் பின்னால வாங்கடா! வெளிய அடிங்கடா!" அதே குரல், நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. கோட்டோரம் ஒரு பொடியன் ஜெர்சியைக் கால்சட்டைக்குள் செருகிக்கொண்டு நின்றான்.

சித்தப்பா எழுந்து போனார்.

"தம்பி, அந்தப் பையன எறக்குப்பா."

"ஜெயிச்சிக்கிட்டு இருக்கோம் ஐயா. இப்ப எதுக்கு?"

"அதனாலதான்யா சொல்றேன்."

அவர் என்ன நினைத்தாரோ, கடைசிப் பத்து நிமிடம் இறக்கினார். பையன் முதல் பந்தைக் கோட்டைவிட்டான். இரண்டாவது பந்தை எடுத்துக்கொண்டு நேரே கோலைப் பார்த்து ஓடினான். அடித்தது கம்பத்துக்கு வெளியே போனது. ஆட்டம் 1-0 என்றே முடிந்தது, உலகம் இடிந்துவிடவில்லை. திரும்பி வரும்போது பையனின் ஜெர்சி முதுகோடு ஒட்டியிருந்தது. சித்தப்பா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.