எழுதும் அறையில் நாயும் பூனையும்

படிப்பறை மனிதர்க்கே உரியது. விலங்குகட்கு அங்கே இடமில்லை என்பது எம் பாட்டனாரது கொள்கை. முற்றத்தில் நாய் கிடக்கலாம். அடுக்களைப் புறத்தில் பூனை திரியலாம். மேசையும் நூலும் உள்ள இடத்திற்கு அவை வந்துவிடின் ஒழுங்கு குலையும், கருத்துச் சிதறும் என்பர். முப்பதாண்டுக்கு மேல் தமிழாசிரியராயிருந்தவரது வாக்கை எளிதில் தள்ளிவிட எமக்குத் துணிவில்லை. ஆயினும் அவ்வாக்கிற் பாதியை மறுத்தற்கும், மற்றைப் பாதியை அவர் கருதாததொரு காரணம்பற்றி உடன்படுதற்குமே இதனை எழுதப் புகுந்தோம்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியதை யாவரும் அறிவர். எம் தந்தையாரின் அலுவலகம் மூடப்பட்டது. அவரது அலுவல் முழுவதும் ஒரு மடிக்கணினிக்குள் அடங்கி எம் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தது. பள்ளி மாணவராயிருந்த யாம் அவ்வறையின் மற்றொரு மூலையிற் கைப்பேசி வழியாகப் பாடங் கேட்டோம். வீட்டிலே முன்னரே வளர்ந்த பூனை ஒன்று அவ்வறையைத் தனக்கு உரியதென்றே கொண்டிருந்தது. உணவுக்கடைகளும் தேநீர்க்கடைகளும் அடைபட்டமையால், அவற்றின் எச்சிலை நம்பி வாழ்ந்த தெருநாய்கள் பட்டினி கிடந்த காலம் அது. அப்படிப் பசித்து எம் வாயிற்படியில் வந்து நின்றதொரு நாட்டு நாய்க்குட்டிக்குத் தந்தையார் சோறிட்டார். மூன்றாம் நாள் அது படியேறியது. பத்தாம் நாள் அவர் மேசையின்கீழ் உறங்கியது. கறுப்பன் என்று பெயரிட்டோம்.

பூனையின் பெயரையுங் கூறிவிடுவோம். தம்மைப் பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த ஒரு பூசைக்கு ஒப்பிட்டுக் கம்பர் அவையடக்கங் கூறியதை நினைந்து, பாட்டனாரே அதற்குப் பூசை என்று பெயர் வைத்தார். அடுத்த வீட்டு அம்மையார் கத்தோலிக்க சபையைச் சார்ந்தவர். சீர்திருத்த சபையாராகிய எம் வீட்டிலிருந்து மாலைதோறும் "பூசை, பூசை" என்னும் ஒலி எழக்கேட்டு, ஒருநாள் மதிலருகே நின்று, "வாத்தியார் ஐயா, கடைசியில் நீங்களும் பூசைக்கு வந்துவிட்டீர்களா?" என்று மகிழ்ச்சியோடு வினவினார். பாட்டனார் அதன்பின் அப்பெயரைச் சற்று மெல்லவே அழைப்பாராயினர்.

இனி வழக்கிற்கு வருவோம். இவ்விரண்டும் அலுவலுக்கு இடையூறு செய்தன என்பதை யாம் மறைக்கவில்லை. மழைநாளிற் பூசை மடிக்கணினியின்மேல் ஏறிப் படுக்கும். பூனையின் உடல் வெப்பம் ஏறக்குறைய 38 பாகை. மனிதர்க்கு இதமான குளிர் அதற்குக் குளிரே. அடுப்பங்கரையை நாடுவது போலக் கணினியை நாடுகின்றது. அதன்மேல் நாம் எழுதிக்கொண்டிருக்கும் கடிதத்தைப் பற்றி அதற்கு யாதொரு பகையுமில்லை. தந்தையார் பாதியெழுதிய விண்ணப்பம் ஒன்று அதன் காலடி பட்டு, இறுதியில் இருபது "ள"கரங்களோடு மேலிடத்திற்குச் சென்றதுண்டு. பக்கத்தில் ஒரு மரப்பெட்டியும் அதனுள் ஒரு பழைய போர்வையும் வைத்தபின் அத்தொல்லை பெரிதும் நீங்கியது.

கறுப்பனது குற்றம் வேறு. காணொளிக் கூட்டம் ஒன்றில் தந்தையார் பேசத் தொடங்கிய அந்நொடியே இளநீர் விற்பவர் தெருவில் வந்தார். கறுப்பன் அவரை எதிர்த்துக் குரைத்த குரைப்பு எத்தனை ஊர்களிற் கேட்டதென்று சொல்லுதல் அரிது. மேலதிகாரியொருவர், "இது அலுவலகமா, நாய்க்கொட்டிலா?" என்றார். தந்தையார் முகம் கறுத்தது. (மறுவாரம் அவ்வதிகாரியின் வீட்டுப் பக்கத்திலிருந்தே குக்கரின் சீழ்க்கை மும்முறை எழுந்ததை யாம் எமது மூலையிலிருந்து கேட்டோம், ஆயின் அதனைக் குறித்து ஒருவரும் ஒன்றும் கூறிலர்.) அன்றுமுதல் தந்தையார் காலை ஆறுமணிக்கு நாயை ஆற்றங்கரை வரையில் நடத்திச் சென்று மீள்வாராயினர். ஓடியாடிய நாய் முற்பகல் முழுவதும் உறங்கியது. ஆகவே இடையூறு என்று நாம் பழிப்பனவற்றுட் பல, விலங்கின் இயல்பை அறியாமல் அதனை நாற்காலிக்கருகே கட்டிவைத்த நமது குற்றமே என்று துணிந்தோம்.

பாட்டனார் இதற்கு உடன்படவில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தின் இறுதி அதிகாரத்தில் நாய்கள் நகரத்திற்குப் புறம்பே நிறுத்தப்பட்டதை எடுத்துக்காட்டினார். அங்கே நாயென்றது தீய மாந்தரையன்றி நாலுகால் விலங்கையன்று என்று யாம் விடை கூறி, நாத்தான் தீர்க்கதரிசி தாவீதரசனுக்கு உரைத்த உவமையை நினைவூட்டினோம். அவ்வேழையின் ஆட்டுக்குட்டி அவன் உணவிலே பங்குபெற்று அவன் மடியிலே படுத்திருந்தது. அதனைத் தீர்க்கதரிசி ஒழுங்கின்மையாகக் கூறவில்லை, அதனைப் பறித்தவனையே இகழ்ந்தார். ஓய்வுநாட் கட்டளையின் பயனாக யாத்திராகமம் கூறுவதும் எருதும் கழுதையும் இளைப்பாறுதலையே. நம்மோடு உழைப்பிற் கூடியிருப்பன ஓய்விலும் கூடியிருத்தற்கு உரியன என்பது அதன் கருத்தாகுமன்றோ என்றோம். பாட்டனார், "கழுதை தொழுவத்திலே இளைப்பாறியது; எழுத்தறையில் அன்று" என்றார். அவரை வெல்லுதல் எளிதன்று.

நூல்களும் பூனைகளும் ஓரறையில் வாழ்ந்தது இன்றுநேற்றைய செய்தியன்று. இங்கிலாந்தில் எக்சிட்டர் பேராலயத்துக் கணக்கேடுகளில் 1305-ஆம் ஆண்டுமுதல் 1467 வரையில் பூனைக்கென்று காசு ஒதுக்கப்பட்ட குறிப்புக்கள் காணப்படுகின்றன. எலியை ஒழித்தற்கு அது பெற்ற சம்பளம் அஃது. எல்லாப் பூனைகளும் அவ்வாறு நன்மையே செய்தன அல்ல. 1420-ஆம் ஆண்டளவில் நெதர்லாந்தின் டெவெண்டர் நகரில் ஏடெழுதிய துறவியொருவர், இரவிலே தம் ஏட்டைப் பூனை நனைத்துவிட்டமையால், அப்பக்கத்தை வெறுமையாக விட்டு, அங்கே பூனையின் உருவத்தையும் அதனைச் சுட்டும் விரல்களையும் வரைந்து, அதனைச் சபித்தும் எழுதிவைத்தார். அவர்பால் எமக்கு மிகுந்த இரக்கமுண்டு. ஒருபக்கம் கெட்டது மெய். அவர் எழுதிய நூலினும் அச்சாபமே இன்று மிகுதியாகப் பேசப்படுவதும் மெய்.

எம் உள்ளத்தை மிகக் கவர்ந்த சான்று கவிஞர் வில்லியம் கூப்பரது வாழ்க்கை. 1779-இல் வெளிவந்த ஓல்னிப் பாமாலையிற் பல பாடல்களை இயற்றியவர் இவர். இவர் ஞானப்பாடல்கள் இன்றும் நம் ஆலயங்களில் வழங்குவன. கடுமையான மனச்சோர்வு அவரை வாழ்நாள் முழுதும் வருத்தியது. நூல் கற்றலும் பிறிதொன்று செய்தலும் இயலாதிருந்த 1774-ஆம் ஆண்டில், அயலார் கொடுத்த முயற்குட்டிகளுள் மூன்றனைப் பேணத் தொடங்கினார். பஸ், டைனி, பெஸ் என்று அவற்றிற்குப் பெண்பெயரும் இட்டார். மூன்றும் ஆணென்பது வேறு. அவற்றிற்குக் கூடுகளைத் தம் கையாலேயே செய்தார். மாலைதோறும் அவற்றைக் கூடத்தில் திறந்துவிட, அவை கம்பளத்தின்மேல் துள்ளி விளையாடும். டைனி எவ்வளவு அன்பு செய்தும் பழகவில்லை. தொட்டால் உறுமும், முன்னங்காலால் அடிக்கும், கடிக்கவும் செய்யும். பஸ் நோயுற்றபோது அவர் அருகிருந்து காத்தார். தேறியபின் அது அவர் கையை விரல்விரலாக நக்கியது.

பஸ் என்னும் அம்முயல் தோட்டத்திற்குச் செல்ல விரும்பின், கவிஞரின் முழங்காலிலே முன்னங்கால்களால் தாளங்கொட்டும். அதற்கும் அவர் எழாவிடில் அங்கியின் நுனியைப் பல்லாற் பற்றி இழுக்கும். இவற்றையெல்லாம் அவரே 1784-இல் ஓர் ஆங்கிலத் திங்களிதழுக்கு எழுதினார். முழங்காலில் முயல் தாளங்கொட்டுதல் அலுவலுக்கு இடையூறன்றோ? இடையூறே. தன் உள்ளத்தின் இருளிலே தானே அமிழ்ந்து நாற்காலியில் உறைந்திருந்த ஒருவரை வெயிலுக்கு இழுத்துச் செல்லும் இடையூறு அது. ஊரடங்கின் இரண்டாம் ஆண்டில், நண்பரிருவரை இழந்த செய்தி ஒரே வாரத்தில் வந்தபொழுது, தந்தையார் கணினியை நோக்கியபடி அசையாது அமர்ந்திருந்ததுண்டு. அப்பொழுது கறுப்பன் எழுந்து தன் தலையை அவர் முழங்காலில் வைத்து நின்றது; அவர் வெளியே போக எழுந்தார். வீட்டாராகிய யாங்கள் எவரும் செய்ய அறியாததை அது செய்தது. படிப்பறையில் விலங்கிற்கு இடமில்லை என்னும் வாக்கை யாம் மறுப்பது இவ்விடத்திலேதான்.

உடன்படும் பாதி யாதெனின் கூறுவோம். அகராதி செய்த சாமுவேல் ஜான்சன் ஹாட்ஜ் என்றொரு பூனை வளர்த்தார். அதற்குச் சிப்பியிறைச்சி விருப்பம். அதனை வாங்கப் பணியாளரை ஏவாமல் அப்பெரியவர் தாமே கடைக்குச் செல்வாராம். பணியாளர் அவ்வேலையால் சலிப்புற்று அவ்வேழைப் பிராணியை வெறுத்துவிடலாகாது என்பதே காரணம் என்று பாஸ்வெல் 1791-இல் எழுதியுள்ளார். பேரறிஞர் என்று அவரை உலகம் போற்றுதற்குக் காரணங்கள் பல. எமக்கு இவ்வொன்று போதும். எம் வீட்டில் நடந்தது இதற்கு மாறானது. துணை தந்தையார்க்கும் எமக்கும்; துடைப்பம் அன்னையார்க்கு. நாயின் உதிர்ந்த மயிரைப் பெருக்கியவர் அவரே. மீன்தலை அவித்தவர் அவரே. மழைநாளில் சேற்றுக்காற் சுவடுகளைத் துடைத்தவரும், ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசிக்கு நாள் நினைவில் வைத்தவரும் அவரே. யாம் கறுப்பனைத் தடவிக்கொண்டு பாடங் கேட்டோம். இவ்வாறு ஒருவர் இன்புறவும் ஒருவர் உழைக்கவும் விலங்கு வளர்க்குமிடத்தில், பாட்டனார் சொற்படி கதவை அடைத்துவிடுதலே நேரிது.

2022-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அலுவலகம் தந்தையாரைத் திரும்ப அழைத்தது. யாமும் பொதுத்தேர்வை முன்னிட்டு அறைக்கதவைத் தாழிட்டுப் படித்தோம். பிறந்ததுமுதல் மனிதரற்ற பகலையே அறியாத கறுப்பன், ஒன்பதரை மணிக்கு ஊளையிடத் தொடங்கும், கதவைப் பிறாண்டும், தந்தையார் வரும்வரை வைத்த சோற்றைத் தொடாது. நாயும் அதனை வளர்ப்போரும் ஒருவரையொருவர் நோக்கியிருக்கும்பொழுது இருவருடலிலும் ஆக்சிடோசின் என்னும் சுரப்பு மிகுகின்றது என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 2015-இல் வெளியிட்டனர். அப்பற்றை இரண்டாண்டு நாள்தோறும் வளர்த்தவர் நாங்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் அதனை அறுத்தவரும் நாங்களே.

அக்கம்பக்கத்தார் குறைகூறினர். எம் தாய்மாமன், "மீன்சந்தைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுங்கள், அத்தான், அங்கே அதற்குச் சாப்பாட்டிற்குக் குறைவில்லை" என்றார். உண்பதற்கின்றி வருந்தும்படி ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுதல் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். அச்சட்டத்தை அன்று எங்களுள் ஒருவரும் அறிந்திலேம். தந்தையார் ஆமென்றும் கூறவில்லை, அன்றென்றும் கூறவில்லை. யாமும் வாய்திறந்திலேம். தேர்வு நெருங்கியிருந்தது, ஊளை எமக்கும் தொல்லையாயிருந்தது. அவ்வொருநாள் மௌனத்தை எண்ணும்போதெல்லாம் எமக்கு நாணம் உண்டாகின்றது.

மறுத்துரைத்தவர் துடைப்பம் பிடித்த அன்னையாரே. "இரண்டு வருடம் உங்கள் காலடியிலேயே கிடந்தது. உங்களுக்கு ஆபீஸ் திறந்துவிட்டது. அதற்கு எது திறந்திருக்கிறது?" என்றார். அதற்குமேல் ஒருவரும் மீன்சந்தையைப் பற்றிப் பேசவில்லை. அன்றுமுதல் ஆறுமணி நடையோடு அறையைப் பெருக்குதலும் தந்தையார் பொறுப்பாயிற்று. மீன்தலை அவிப்பது எமது பொறுப்பாயிற்று. முதல் வாரம் யாம் அதனைக் கருகவிட்டோம்.

பகற்பொழுதிற்கு யார் என்னும் வினா எஞ்சியது. அதற்கு விடை யாங்கள் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பாட்டனார், திண்ணையில் வெயில் மிகுதி என்று கூறித் தம் சாய்வு நாற்காலியையும் கண்ணாடியையும் கம்பராமாயணத்தையும் முன்னறைக்கு மாற்றிக்கொண்டார். படிப்பறையில் நாய்க்கு இடமில்லை என்னும் தம் கொள்கையை அவர் இன்றளவும் விட்டிலர். வருவோர் எல்லார்க்கும் அதனை எடுத்துரைக்கின்றார். சற்றே தாழ்ந்த குரலிற்றான் உரைக்கின்றார். உரத்துப் பேசினால் நாற்காலியின்கீழ் உறங்கும் கறுப்பன் விழித்துக்கொள்ளும்.