‘ஒரே குடும்பம்’ என்றால் யாருடைய குடும்பம்?

“எங்க கம்பெனியில ஹெச்.ஆர். கிடையாது, நாங்க எல்லாரும் ஒரே குடும்பம்” என்று பெருமையாகச் சொல்லும் சிறு நிறுவனங்கள் பெருகிவிட்டன. சம்பளக் கணக்கை மென்பொருள் பார்த்துக்கொள்ளும், ஆளெடுப்பைக் குழுவே பார்த்துக்கொள்ளும், பிறகு எதற்குத் தனித் துறை என்கிறார்கள். ஹெச்.ஆரிடம் நொந்துபோன இளைஞர்களும் கைதட்டுகிறார்கள்.

அந்தக் கோபம் நியாயமானது. ஹெச்.ஆர். சம்பளம் வாங்குவதும் பதில் சொல்வதும் நிர்வாகத்திடம்தான். அமெரிக்காவில் சிஸ்கோ நிறுவனத்தின் தலித் பொறியாளர் ஒருவர் 2016இல் சாதிப் பாகுபாடு குறித்து உள்ளுக்குள்ளேயே புகார் செய்தார். சாதிப் பாகுபாடு சட்டவிரோதமல்ல என்று கூறி அந்தப் புகாரை ஒதுக்கிவிட்டார்கள் என்பது கலிபோர்னியா அரசு 2020இல் தொடுத்த வழக்கின் குற்றச்சாட்டு. சிஸ்கோ அதை மறுத்தது. மேலாளர்கள் இருவர் மீதான வழக்கு 2023இல் கைவிடப்பட்டது.

சரி, ஹெச்.ஆரை எடுத்துவிட்டால் அந்த இடத்துக்கு என்ன வரும்? “நமக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான்” என்ற பரிந்துரை வரும். யாருக்கு யாரைத் தெரியும் என்பதில் சாதிக்குப் பெரும் பங்கு உண்டு. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரித் தகுதியுள்ள விண்ணப்பங்கள் வெவ்வேறு பெயர்களில் இந்தியத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டன. ஆதிக்கச் சாதிப் பெயர்களைவிடத் தலித் பெயர்களுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. முறையாக விளம்பரம் செய்த வேலைகளிலேயே இந்தக் கதை. விளம்பரமே இல்லாத இடத்தில் நம் பிள்ளைகள் விண்ணப்பிக்கக்கூட முடியாது.

ஆகவே துறை வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, அது யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதே முக்கியம். இதற்கு முன்மாதிரி இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேர் வேலை செய்யும் இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியாள் ஒருவரும் வேண்டும். அந்தக் குழுக்களிலும் குறைகள் உண்டு. ஆனால் சாதிக் கொடுமைக்குத் தனியார் நிறுவனங்களில் அப்படியொரு குழுகூடக் கட்டாயமில்லை. தலித் ஊழியர்களும் வெளியாளும் இடம்பெறும் குழுவைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

அதுவரை நேர்காணலுக்குப் போகும் தோழர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அந்த நிறுவனத்தின் நடத்தை விதிகளில் ‘சாதி’ என்ற சொல் இருக்கிறதா? ஆப்பிள் நிறுவனம் அதைச் சேர்த்திருக்கிறது. மற்றவர்களாலும் முடியும். குடும்பப் பாசம் நமக்குத் தேவையில்லை. எழுத்தில் உரிமை இருந்தால் போதும்.