அழகான மான், தவறான தீவு

விலங்குகளைப் பாதுகாப்போம் என்று கட்டுரை எழுதச் சொன்னால், “எந்த விலங்கையும் துன்புறுத்தக் கூடாது, எல்லா உயிர்களையும் காக்க வேண்டும்” என்றுதான் பெரும்பாலான மாணவர்கள் முடிக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் இயற்கைப் பாதுகாப்பு அந்த ஒரு வரியோடு முடிந்துவிடுவதில்லை. எந்த விலங்கு என்று கேட்பதோடு, அது எந்த இடத்தில் இருக்கிறது என்றும் நாம் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. இதற்குப் புள்ளிமான் நல்ல எடுத்துக்காட்டு.

புள்ளிமானின் அறிவியல் பெயர் ஆக்சிஸ் ஆக்சிஸ். இந்தியா, இலங்கை, நேப்பாளம், பூட்டான், வங்காளதேசம் ஆகியவை அதன் தாயகம். சில மான் இனங்களில் குட்டிக்கு மட்டுமே புள்ளிகள் இருக்கும், வளர்ந்ததும் மறைந்துவிடும். புள்ளிமானுக்கு அவை ஆயுள் முழுவதும் நிலைக்கும். ஆண் மானின் கொம்பு ஒவ்வொன்றும் மூன்று கிளைகளாகப் பிரிந்திருக்கும். அது உதிர்ந்து மீண்டும் முளைக்கும்.

அடர்ந்த காட்டின் நடுப்பகுதியைவிட, காடும் புல்வெளியும் சந்திக்கும் இடமே இதற்குப் பிடிக்கும். அருகில் தண்ணீரும் வேண்டும். காலையிலும் மாலையிலும் கூட்டமாக மேயும். மரத்தின் மேல் லங்கூர் குரங்குகள் இருந்தால் மான்களுக்குக் கொண்டாட்டம். குரங்குகள் கீழே போடும் இலைகளும் பழங்களும் அவற்றுக்கு உணவாகும். உயரத்திலிருந்து புலியைப் பார்க்கும் குரங்கு கத்தினால் மான் உஷாராகும். மான் குரல் கொடுத்தால் குரங்கு உஷாராகும்.

முதுமலை, பந்திப்பூர் போன்ற காடுகளில் புலி, சிறுத்தை, செந்நாய் ஆகிய மூன்றுக்கும் புள்ளிமான் முக்கிய இரை. அங்கே மான் குறைந்தால் புலியும் குறையும். நம் நாட்டிலும் இதே கதைதான். காட்டில் இப்போது 150க்கும் குறைவான மலாயாப் புலிகளே மிஞ்சியுள்ளன. அதற்கான காரணங்களில், அவற்றின் இரையான சம்பார் மான்கள் வேட்டையால் குறைந்துபோனதும் ஒன்று. ஆகவே தாயகக் காட்டில் மானைக் காப்பது கட்டாயம். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

இனி அந்தமான் தீவுகளுக்குப் போவோம். புள்ளிமான் அங்கே இயற்கையாக வாழ்ந்த விலங்கன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் வேட்டைக்காகக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே புலி இல்லை, சிறுத்தை இல்லை, செந்நாயும் இல்லை. மான்கள் பெருகின. நீந்தத் தெரிந்த விலங்கு என்பதால் பக்கத்துத் தீவுகளுக்கும் பரவின.

விளைவு என்ன? மரக்கன்றுகளை முளைக்கும்போதே மான்கள் தின்றுவிடுகின்றன. மேலே பெரிய மரங்கள் பசுமையாக நிற்கும். கீழே புதர்களும் கன்றுகளும் இருக்காது. இன்றைய கிழட்டு மரம் விழுந்தால் அந்த இடத்தை நிரப்ப இளமரம் இல்லை. புதர்களை நம்பி வாழும் பல்லி, ஓணான் வகைகளும் குறைந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகளோ மானுக்குத் தீனி கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பல்லிக்கு என்ன ஆனது என்று கேட்க ஆளில்லை.

ஹவாய்த் தீவுகளிலும் இதுதான் நடந்தது. 1860களில் அரசருக்குப் பரிசாகச் சில புள்ளிமான்கள் அனுப்பப்பட்டன. 1959இல் மாவுய் தீவிலும் விடப்பட்டன. இன்று அவை பயிர்களையும் மேய்ச்சல் நிலங்களையும் அழிக்கின்றன. செடிகொடிகள் போன இடத்தில் மழை மண்ணை அரித்துக் கடலுக்குக் கொண்டுபோகிறது. அந்தச் சேறு பவளப்பாறைகள் மீது படிகிறது. மலையில் மேயும் மானால் கடலில் வாழும் பவளத்துக்கும் கேடு.

“மான் என்ன தவறு செய்தது? கொண்டுபோய் விட்டவன் மனிதன்தானே?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மான்மீது குற்றமே இல்லை. ஆனால் குற்றம் இல்லை என்பதால் பாதிப்பும் இல்லை என்று ஆகிவிடாது. பிடித்து வேறிடம் கொண்டுபோகலாமே என்றால், மான் எளிதில் மிரளும் விலங்கு. பிடிக்கும்போதே அதிர்ச்சியில் இறந்துவிடக்கூடும். எனவே அந்தத் தீவுகளில் மான்களின் எண்ணிக்கையைக் குறைத்தே ஆக வேண்டும் என்பேன். எந்த முறையில் என்பதை அறிவியலாளர்கள் முடிவு செய்யட்டும். அது கொடுமை இல்லாத முறையாக இருக்கட்டும். ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். அந்த முடிவின் விலையைப் பல்லியும் மரக்கன்றும் கொடுக்கின்றன.

மாணவர்களே, இது எங்கோ தொலைவில் நடக்கும் சங்கதி என்று நினைக்க வேண்டாம். மீன்தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கிய பண்டாராயா மீன் பெரிதானதும், பாவம் பார்த்து ஆற்றில் விட்டவர்கள் நம்மிடையே உண்டு. தென் அமெரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் இன்று நம் ஆறுகளை நிறைத்திருக்கிறது. விட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். இடத்தைப் பற்றி யோசிக்காதவர்கள். வளர்க்க முடியாத மீனையோ ஆமையையோ ஆற்றில் விடாதீர்கள். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்கக்கூடிய ஒருவரிடம் ஒப்படையுங்கள். அடுத்த முறை கட்டுரை எழுதும்போது, “எல்லா உயிர்களையும் காக்க வேண்டும்” என்பதோடு “அவை வாழ வேண்டிய இடத்தில்” என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.