குறைக்கலாம், கூட்ட முடியாது!

புது தில்லி: பள்ளிக் கல்விக்கான நிதி ஒதுக்கீடு குறைக்கப்பட்டால், அதை உயர்த்தும் அதிகாரம் மக்களவைக்கு உண்டா? இல்லை என்கிறது அரசியல் சாசனம். 113-வது பிரிவின்படி, மானியக் கோரிக்கையை அவை ஏற்கலாம், நிராகரிக்கலாம், குறைக்கலாம்; கூட்ட முடியாது. மாநிலங்களவைக்கோ இதில் வாக்குரிமையே இல்லை.

2020-21 பட்ஜெட்டில் சமக்ர சிக்ஷா திட்டத்துக்கு சுமார் ரூ.38,750 கோடி ஒதுக்கப்பட்டது. 2021-22-ல் அது ரூ.31,050 கோடியாகச் சரிந்தது. கொரோனாவால் மாணவர்கள் இழந்த கல்வியை ஈடுசெய்ய வேண்டிய நேரத்தில் நேர்ந்த சரிவு இது. பெரும்பாலான மாநிலங்களில் இத் திட்டச் செலவில் 60 சதவீதம் மத்திய அரசின் பங்கு. அது குறையும்போது, மாநிலங்கள் கூடுதல் சுமையை ஏற்க வேண்டும் அல்லது பள்ளிகளின் தேவைகளைச் சுருக்க வேண்டும்.

தொகையை உயர்த்த இயலாவிட்டாலும், குறைத்ததற்கான காரணத்தைக் கேட்டு அரசைப் பதில் சொல்ல வைக்கலாம். அடையாளமாக ரூ.100 குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானத்தின் நோக்கமும் அதுவே. ஆனால், 2018-லும் 2023-லும் அமளிக்கிடையே அனைத்து அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளும் விவாதமின்றி ஒட்டுமொத்தமாக நிறைவேற்றப்பட்டன. நாடாளுமன்ற நிலைக்குழுக்கள் ஆராய்ந்து அறிக்கை தருகின்றன. எனினும், அவற்றின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தா.

கூட்டும் அதிகாரம் இல்லாத அவைக்குக் கேள்வி கேட்கும் உரிமையே பலம். ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் அதையும் அமளியில் இழந்தால், நஷ்டம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கே.