அம்மன் சன்னதியில ஓட்டு கேக்க வேண்டாம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. பேக்டரி வேலை முடிஞ்சு வந்து மூணு ராத்திரி உட்கார்ந்து எழுதினது. பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. படிச்சிட்டுத் திட்டணும்னா தாராளமா திட்டுங்க.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு நாங்க மடப்பள்ளியில பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தோம். நம்ம தொண்டர் தம்பி ஒருத்தர் கைப்பேசியில ஒரு வீடியோ காட்டினார். அமெரிக்க அதிபர் மாளிகை. டிரம்ப் நாற்காலியில உட்கார்ந்திருக்கார். சுத்தி நின்ன பாதிரியார்கள் அவர் தோள் மேல கை வச்சு ஜெபம் பண்றாங்க.

"பாருங்கண்ணே, அவ்வளவு பெரிய நாட்டுலயே சமயமும் அரசியலும் ஒண்ணாத்தான் போகுது. நாம மட்டும் ஏன் கூச்சப்படணும்? இந்த வருஷம் திருவிழாவுக்கு ஒய்.பி.யைக் கூப்பிட்டு மேடையில உட்கார வச்சா மண்டபத்துக் கூரைக்குக் காசு வரும்ல?"

தம்பி கெட்ட எண்ணத்துல கேக்கல. மழை பெஞ்சா மண்டபத்துல அஞ்சு இடத்துல வாளி வைக்கிறது அவர்தான். ஆனா அந்தக் கேள்விக்கு அன்னைக்கு எங்களால சட்டுன்னு பதில் சொல்ல முடியல. இந்தப் பதிவுதான் பதில்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறோம். நாங்க எந்தக் கட்சிக்கும் விரோதி இல்ல. எங்கள்ல ம.இ.கா. அட்டை வச்சிருக்கவங்க உண்டு, ஜ.செ.க.வுக்கு ஓட்டுப் போடுறவங்க உண்டு, ரெண்டு பக்கமும் கோபத்துல இருக்கவங்களும் உண்டு. தேயிலைத் தோட்டத்துல பிறந்து, தேயிலை பேக்டரியில வயசைக் கழிச்சவங்க நாங்க. பெரிய படிப்பு கிடையாது. தெரிஞ்சதைச் சொல்றோம்.

அமெரிக்காவுக்கே முதல்ல போவோம். அந்த வீடியோவுல இருக்கது பாதிக் கதைதான். அரசாங்கம் எந்தச் சமயத்தையும் அரசு சமயமா வைக்கக் கூடாதுன்னு அந்த நாட்டு அரசமைப்புல 1791லேயே எழுதி வச்சிட்டாங்க. 1954ல இன்னொரு சட்டம் வந்தது. வரிவிலக்கு வாங்குற தேவாலயமோ கோயிலோ தர்ம ஸ்தாபனமோ, இந்த வேட்பாளருக்குப் போடு, அந்த வேட்பாளருக்குப் போடாதேன்னு சொல்லக் கூடாது. சொன்னா வரிவிலக்கு போயிடும். 2025 ஜூலையில அந்த நாட்டு வரித்துறை நீதிமன்றத்துல வேற மாதிரிப் பேசியது. வழிபாட்டு நேரத்துல தன் சபையாருக்கு மட்டும் சொன்னா அது சட்டத்துல வராதுன்னு சொல்லியது. இதைக் கேட்டுக் கை தட்டின பாதிரியார்கள் உண்டு. கவலைப்பட்ட பாதிரியார்களும் உண்டு. பிரசங்க மேடை கட்சி மேடை ஆயிடும், சபை ரெண்டா உடையும்னு சொன்னது வெளியாளுங்க இல்ல, கடவுள் நம்பிக்கை உள்ளவங்களே.

அங்க நம்மள மாதிரி சிறுபான்மைக்கு என்ன நடக்கும்னும் பாருங்க. 2007 ஜூலை 12ஆம் தேதி அமெரிக்க செனட் சபை வரலாற்றுலயே முதல் தடவையா ஓர் இந்து குருக்கள் பிரார்த்தனை சொல்லிச் சபையைத் தொடங்கி வைக்க வந்தார். வாயைத் திறந்ததும் பார்வையாளர் மாடத்துல இருந்து சிலர் எழுந்து, இது பாவம்னு கத்தினாங்க. காவலர்கள் அவங்களை வெளியே கொண்டு போன பிறகுதான் பிரார்த்தனை முடிஞ்சது. நாடும் ஆட்சியும் எங்க சமயத்துக்குச் சொந்தம்னு நினைக்கிறவங்க கூட்டம் பெருசானா, முதல்ல வாய் மூடச் சொல்றது நம்மள மாதிரி ஆளுங்களைத்தான். அப்படியிருக்க அந்த வீடியோவைப் பார்த்து நாம ஏன் ஆசைப்படணும் தம்பி?

இப்ப நம்ம நாட்டுக்கு வருவோம். அதே 1954ல இங்கயும் ஒரு சட்டம் வந்தது, தேர்தல் குற்றங்கள் சட்டம். இன்னைக்கும் அமல்ல இருக்கு. ஓட்டுக்காக விருந்து வைக்கிறது குற்றம்னு 8ஆவது பிரிவு சொல்லுது. ஓட்டுக்காக மிரட்டுறது குற்றம்னு 9ஆவது பிரிவு சொல்லுது. அந்த மிரட்டல்ல தெய்வத்தின் பேரால பயமுறுத்துறதும் அடக்கம். 10ஆவது பிரிவு லஞ்சம். இதைப் படிச்சப்போ எங்களுக்கே முதுகு சில்லுன்னு ஆச்சு. தேர்தல் சமயத்துல வேட்பாளர் செலவுல அன்னதானம் போட்டு, நம்ம ஓட்டு யாருக்குன்னு அம்மன் பாத்துக்கிட்டு இருக்கான்னு மைக்குல சொல்றதை நாம எத்தனை தடவை கேட்டிருக்கோம்! பக்தின்னு நினைச்சுத் தலையாட்டினோம். சட்டம் அதை வேற கண்ணால பார்க்கும்.

இது ஏட்டுச் சட்டம்தானே, யார் பிடிக்கப் போறாங்கன்னு நினைக்காதீங்க. நம்ம கேமரன் மலையிலேயே பிடிச்சாங்க. 2018 மே 9 பொதுத் தேர்தல்ல இந்தத் தொகுதியில வென்றவர் நம்ம தமிழர். பெரும்பான்மை வெறும் 597 ஓட்டு. அந்த வருஷம் நவம்பர் 30ஆம் தேதி தேர்தல் நீதிமன்றம் அந்த வெற்றி செல்லாதுன்னு தீர்ப்பு கொடுத்தது. காரணம், பூர்வக்குடி வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது. 2019 ஜனவரி 26ல இடைத்தேர்தல் வந்து, ரம்லி முகமட் நோர் 3,238 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார். பூர்வக்குடியில இருந்து தேர்தல்ல நின்னு ஜெயிச்சு மக்களவைக்குப் போன முதல் ஆள் அவர்தான். எந்த ஜனங்களோட ஓட்டுக்கு ஒரு சின்னத் தொகை போதும்னு நினைச்சாங்களோ, அந்த ஜனங்கள்ல ஒருத்தரே நாடாளுமன்றத்துல உட்கார்ந்தார்.

அந்த 597ஐ மறக்காதீங்க. இந்தத் தொகுதியில நாம நூத்துக்குப் பதினஞ்சு பேர் அளவுக்குத்தான் இருக்கோம். ஆனா இவ்வளவு சின்ன வித்தியாசத்துல முடிவாகுற தொகுதியில நூறு குடும்பம் வர்ற ஒரு தோட்டக் கோயில் பெரிய சொத்து. தேர்தல் நெருங்கினா லயம் வாசல்ல கார் வந்து நிக்கிறதுக்கு இதுதான் காரணம். வர்றவங்களைக் குத்தம் சொல்லல, ஓட்டு கேக்குறது அவங்க வேலை. சன்னதியைத் திறந்து விட்டது யார்னு நம்மள நாமே கேட்டுக்கணும்.

திறந்து விட்டது நாங்கதான். இதைச் சொல்ல வெக்கமா இருக்கு, ஆனா சொல்லிடுறோம்.

எந்தத் தேர்தல், எந்தக் கட்சின்னு எழுதப் போறதில்ல. நம்ம கோயில் திருவிழா அன்னைக்கு ஒரு வேட்பாளர் வர்றதா ஏற்பாடு. நாங்களே ஏணி போட்டு ஏறி, தோரண வாயில்ல அம்மன் படத்துக்குப் பக்கத்துல அவர் படம் போட்ட பதாகையைக் கட்டினோம். பால்குடம் வந்து சேர்ந்திடுச்சு. மேல பனி இறங்கிக்கிட்டு இருக்கு. வர வேண்டியவர் ரிங்லெட் தாண்டி வந்துக்கிட்டு இருக்கார்னு சொல்லித் தீபாராதனையை நிறுத்தி வச்சோம். முக்கால் மணி நேரம். எழுபது வயசுப் பாட்டி ஒருத்தர் ஈரச் சேலையோட, தலையில குடத்தோட நின்னார். "இறக்கி வைங்க பாட்டி"ன்னு சொன்னதுக்கு, "ஆத்தாளுக்கு நேந்தது, இறக்க மாட்டேன்யா"ன்னுட்டார். கால் நடுங்கினதை நாங்க பார்த்தோம். பார்த்துக்கிட்டும் மணி அடிக்கல.

அவர் வந்தார். பரிவட்டம் கட்டினோம், மாலை போட்டோம். பெரிய அட்டைக் காசோலையைச் சன்னதிக்கு முன்னால பிடிச்சுப் படம் எடுத்தோம். தேர்தல் முடிஞ்சது. அட்டை இன்னமும் ஸ்டோர்ல இருக்கு. கூரை இன்னமும் ஒழுகுது.

காசு வராததுகூடப் பெரிசில்ல. நம்ம பெரியண்ணன் இருபது வருஷமா அன்னதானத்துக்குச் சமைச்சவர். அவர் வேற கட்சி. அன்னைக்குக் கரண்டியை வச்சிட்டுப் போனவர் அதுக்கப்புறம் மடப்பள்ளிக்குள்ள வரல. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டோம். "அம்மன் மேல எனக்கு என்னய்யா கோபம்? உங்க பதாகைக்குக் கீழ குனிஞ்சு உள்ள வர எனக்கு முடியல"ன்னார். அவர் பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க எல்லாம் இப்ப வேற கோயிலுக்குப் போறாங்க. கட்சி ஒரு நாள் வந்துட்டுப் போனதுல நாம ஒரு குடும்பத்தை இழந்தோம்.

பேக்டரியில புதுசா வர்ற பசங்களுக்கு நாங்க முதல்ல சொல்றது ஒண்ணுதான். தேயிலைத் தூள் பக்கத்துல மண்ணெண்ணெய், வெங்காயம், சோப்பு எதுவும் வைக்காதே. தூள் எந்த வாசனையையும் இழுத்துக்கும். ஒருவாட்டி ஏறிட்டா எடுக்க முடியாது, மூட்டையோட வீண். கோயிலையும் அப்படித்தான் பார்த்துக்கணும்னு எங்களுக்கு லேட்டாத்தான் புரிஞ்சது.

சரி, எதிர்க் கேள்வி வரும். "கோயிலை உடைக்க வந்தா அரசியல்வாதிதானே வேணும்? அப்ப மட்டும் அரசியல் வேணுமா?"

நியாயமான கேள்வி. 2007 அக்டோபர் 30ஆம் தேதி, தீபாவளி நெருங்குறப்போ ஷா ஆலம் பாடாங் ஜாவாவுல மாரியம்மன் கோயிலை இடிச்சதை யாரும் மறக்கல. நவம்பர் 25ல ஹிண்ட்ராப் பேரணியில ஆயிரக்கணக்கா நம்ம ஜனங்க கோலாலம்பூர்ல கூடினாங்க. 2008 மார்ச் தேர்தல்ல தேசிய முன்னணி மூணுல ரெண்டு பங்கு பெரும்பான்மையை இழந்தது. அது அரசியல்தான். அதை நாங்க தப்புன்னு சொல்லல. குடிமகனா நின்னு கோயிலுக்கு உரிமை கேக்குறது வேற, கோயில் பேரை ஒரு வேட்பாளருக்கு வாடகைக்கு விடுறது வேற. அன்னைக்குத் தெருவுல நின்னவங்க கேட்டது முதல் வகை.

கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜித் இந்தியா பத்ரகாளியம்மன் கோயில் விவகாரம் 2025ல நடந்தது. நூத்தி முப்பது வருஷப் பழைய கோயில்னு சொல்றாங்க. ஆனா நிலம் கோயில் பேர்ல இல்ல. 2014லேயே அந்த நிலம் ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்கப்பட்டிருக்கு, அங்க பள்ளிவாசல் கட்டத் திட்டம். கடைசியில பேசி, பக்கத்திலேயே வேற இடத்துக்குக் கோயில் மாறுறதா முடிவாச்சு. இதுல நம்ம தோட்டக் கோயில்களுக்குப் பாடம் இருக்கு. எத்தனை பிரமுகருக்கு மாலை போட்டோம்னு யாரும் கேக்கப் போறதில்ல. நிலம் யார் பேர்ல இருக்குன்னுதான் கேப்பாங்க. நம்ம முன்னோர் கொழுந்து கிள்ளின கூலியில கட்டின கோயில்கள்ல எத்தனை, நிலம் கோயில் பேர்ல இல்லாமலேயே நிக்குது! நிலம் மாநில அரசு விவகாரம். அதுக்கு மனு வேணும், அளவு வரைபடம் வேணும், தொடர்ந்து கடிதம் வேணும். ஜெயிச்சவர் எந்தக் கட்சியா இருந்தாலும் பகல் நேரத்துல அவர் ஆபீசுக்குப் போய் நிமிர்ந்து உட்கார்ந்து கேக்கணும். அவர் கையில இருக்க ஒதுக்கீடு நம்ம வரிப் பணம். எந்தச் சமயத்தாரும் தங்கள் சமய விவகாரத்தைத் தாங்களே நிர்வகிக்கலாம்னு அரசமைப்புச் சட்டம் 11ஆவது பிரிவு சொல்லுது. அது யாரும் போட்ட பிச்சை இல்ல.

இன்னொரு எதிர்க் கேள்வி. "மத்த சமயத்துல பண்றாங்களே?" பண்றாங்க. பண்ணும்போது நமக்கு வலிக்குதுல்ல? சிலாங்கூர்ல பள்ளிவாசல், சூராவுல அரசியல் பேசக் கூடாதுன்னு சுல்தானே உத்தரவு போட்டிருக்கார். அவங்க சமயத்துலயும் இது வேண்டாம்னு நினைக்கிறவங்க இருக்காங்க. வேற இடத்துல சமயத்தைச் சொல்லி ஓட்டு கேக்காதீங்கன்னு நாம சொல்லணும்னா, முதல்ல நம்ம வாசல் சுத்தமா இருக்கணும்.

2013 அக்டோபர் 23 விடியக்காலை அணை தண்ணி திறந்துவிட்டு லெம்பா பெர்த்தாம்ல வெள்ளம் வந்ததே, அந்த ராத்திரியை நினைச்சுப் பாருங்க. உயிர் போச்சு, வீடு போச்சு. சேத்துல இறங்கினவங்கள்ல தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாரும் இருந்தாங்க. சோத்துப் பொட்டலம் கொடுத்தவங்க யாரும், நீ எந்தக் கட்சின்னு கேக்கல. கோயில்னா அந்த மாதிரி இருக்கணும். பொது வாழ்க்கையில சமயத்துக்கு வேலை இருக்கு, நிறைய இருக்கு. பசிச்சவனுக்குச் சோறு, அநியாயம் நடந்தா குரல். ஓட்டுத் தரகு அதுல சேராது.

அதனால வர்ற ஆண்டுக் கூட்டத்துல நாங்க இதை முன்வைக்கப் போறோம்:

1. நாடாளுமன்றமோ சட்டமன்றமோ கலைச்ச நாள்ல இருந்து ஓட்டு எண்ணி முடியுற வரைக்கும் எந்த வேட்பாளருக்கும் மேடை, மைக், பரிவட்டம் கிடையாது. சாமி கும்பிட வந்தா எல்லாரையும் போல வரிசையில நின்னு விபூதி வாங்கிக்கட்டும். அன்போட வரவேற்போம்.

2. தோரண வாயில்ல அம்மன் படம் மட்டும். கட்சிக் கொடி, தலைவர் படம் எதுவும் வேண்டாம்.

3. யார் நன்கொடை கொடுத்தாலும் ரசீது போட்டு, கூட்டத்துல தொகையை வாசிக்கணும். சன்னதிக்கு முன்னால காசோலைப் படம் வேண்டாம்.

4. கோயில் வாட்ஸ்அப் குழுவுல தேர்தல் பிரசாரம் வேண்டாம். கட்சிப் பதவியில இருக்க நிர்வாகிகளுக்கும் இது பொருந்தும்.

5. எந்த ஒய்.பி.க்காகவும் தீபாராதனை ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காது.

கூரைக்கு என்ன வழின்னு தம்பி கேப்பார். குடும்பத்துக்கு மாசம் இருபது வெள்ளி, ஒரு வருஷம். வேலையாளுக்குக் கூலி கொடுக்காம நாமளே ஞாயித்துக்கிழமைகள்ல ஏறுவோம். எங்கள்ல வெல்டிங் தெரிஞ்சவங்க நாலு பேர் இருக்காங்க. அது போக அரசாங்க ஒதுக்கீட்டுக்கு முறைப்படி கடிதம் எழுதுவோம், வந்தா வாங்கிக்குவோம், நன்றி சொல்லி ரசீது கொடுப்போம்.

கூட்டம் வர்ற ஞாயித்துக்கிழமை காலை பூஜைக்கு அப்புறம், அதே ஒழுகுற மண்டபத்துல. எங்களோட ஒத்துப் போகாதவங்க கண்டிப்பா வரணும். பெரியண்ணன் வீட்டுக்கு நேத்து சாயங்காலம் நாங்க மூணு பேர் போனோம். பதாகை கட்டினதுக்கு மன்னிப்பு கேட்டோம். அவர் ஒண்ணும் பேசல, தேத்தண்ணி கொடுத்தார். கிளம்பும்போது மட்டும், "சாம்பாருக்கு இப்ப யாரு புளி கரைக்கிறா?"ன்னு கேட்டார்.

வருவார்னு நினைக்கிறோம். நீங்களும் வாங்க.

அம்மன் துணை.