சுவரை வைத்துக்கொண்டு மரம் நடுவதா?

தேவாலய வளாகங்களைப் பசுமையாக்க வேண்டும் என்ற பேச்சு இப்போது பரவலாகக் கேட்கிறது. 2015இல் போப் பிரான்சிஸ் சுற்றுச்சூழல் பற்றிய 'லவுதாத்தோ சி' சுற்றுமடலை வெளியிட்டார். பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். சி.எஸ்.ஐ. திருச்சபையிலும் சுற்றுச்சூழலுக்கென்று தனித் துறை இயங்குகிறது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் மரக்கன்றைக் கையில் எடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: நாளை அந்த நிழலில் யார் உட்காரப் போகிறார்கள்?

வல்லம் வடகாலை ஒட்டிய ஒரு சேரியில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவன் நான். எங்கள் பகுதியை இன்று வெளியூர்க்காரர்கள் சிப்காட் என்றே அறிவார்கள். ஒரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர், மறுபக்கம் ஒரகடம். மோட்டார் சைக்கிளும் காரும் செல்போனும் இங்கிருந்து உலகத்துக்கே போகின்றன. முன்பு மேய்க்கால் புறம்போக்கு இருந்தது, களம் இருந்தது, மரத்தடி இருந்தது. அவை சேரிக்காரனுக்கும் ஊர்க்காரனுக்கும் சமமாகத் திறந்திருந்தன என்று யாரும் கதை கட்ட வேண்டாம். ஆனால் சண்டை போட்டுக் கேட்பதற்காவது ஒரு பொதுநிலம் இருந்தது. இப்போது கண்ணுக்கு எட்டிய தூரம் மதில்தான்.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியை முதலமைச்சர் திறந்துவைத்தார். செலவு 706.50 கோடி ரூபாய். படுக்க இடம் கிடைத்ததை நான் குறை சொல்லவில்லை. ஷிப்ட் முடிந்த பிறகு, காசு செலவழிக்காமல், மேற்பார்வையாளர் கண்ணில் படாமல், நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து பேச வெளியே இடம் உண்டா என்பதுதான் என் கேள்வி. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்டுப்போன உணவால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் நோயுற்றபோது, நியாயம் கேட்கத் தோழிகள் கூடிய இடம் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலை. 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காக 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த பந்தலைப் போலீஸ் பிரித்துப் போட்டது. எங்கள் வட்டாரத்தில் உட்கார இடம் கேட்பதே அரசியல் கோரிக்கை.

இந்த நிலையில், வாரத்தில் ஆறு நாள் காலியாகக் கிடக்கும் தேவாலய வளாகம் எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள். சிறிய சபைக்கும் கொஞ்சம் திறந்தவெளி இருக்கும், ஒரு வேப்பமரமோ புங்கமரமோ இருக்கும், ஒரு கிணறு இருக்கும். அதைப் பொதுவெளியாக்குங்கள் என்று கேட்கிறோம். சலுகையாகக் கேட்கவில்லை. கேட்பதற்கு வரலாறு இருக்கிறது.

இந்த வட்டாரம் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. தரிசு நிலத்துக்குப் பறையர்கள் மனுப் போட்டால், மிராசுதாரருக்கே முதல் உரிமை என்று சொல்லி மறித்த மாவட்டம் அது. குடியிருந்த மனைகூட மிராசுதாரர் தயவில்தான். சுவிசேஷம் சொல்ல வந்த பாதிரியார்கள் நிலத்தின் முன்னால் நின்றுதான் சாதியைப் புரிந்துகொண்டார்கள். ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூவும், திருவள்ளூரில் பணியாற்றிய வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடியும் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் கேட்டு அரசிடம் வாதாடினார்கள். செங்கல்பட்டுக்கு அருகே மெல்ரோசாபுரம் குடியிருப்பு ஆண்ட்ரூவின் முயற்சியில் உருவானது. மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892இல் வந்த பஞ்சமி நில ஆணையும் நமக்குத் தெரிந்தவை. அந்தப் பஞ்சமி நிலத்தை மீட்கக் காரணையில் தொடங்கிய போராட்டத்தில்தான், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். சபைச் சொத்தெல்லாம் இப்படித்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் மாவட்டத்தில் சபை வேர்விட்டதே நிலமற்றவர்களின் பெயரால்தான். அந்த நிலமற்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வளாகத்தின் கதவைத் திறப்பது கடன்.

சாதி கருவறையில் மட்டும் இருப்பதாக நினைக்கிறவர்கள் உண்டு. சுற்றியுள்ள நிலத்தில்தான் அது முதலில் உட்காருகிறது. 1924இல் பெரியாரும் சிறை சென்ற வைக்கம் போராட்டம் கோயிலுக்குள் நுழைவதற்காக நடந்ததல்ல. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்காக நடந்தது. 1927இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் இறங்கியது பொதுக்குளத்தில். பாதை, தண்ணீர், நிழல், புதைகுழி ஆகிய நான்கையும் பங்கு போட்டுத்தான் சாதி வாழ்கிறது.

கிறித்தவ வளாகங்கள் இதற்கு விலக்கா? நெல்லை வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய தேவாலயத்துக்கு இரண்டு கைகள். வெள்ளாளர் ஒன்றில், நாடார் ஒன்றில். நடுவிலிருந்த தடுப்பு 1910இல்தான் இடிக்கப்பட்டது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் சுவர் வைத்துப் பிரித்தார்கள். 2010இல் இயக்கத் தோழர்கள் அந்தச் சுவரின் ஒரு பகுதியை உடைத்தார்கள். விழுப்புரம் பகுதியின் எறையூரில் தலித் கிறித்தவர்களுக்குக் கல்லறையும் தனி, சவ வண்டியும் தனி. சமமாக நடத்துங்கள், இல்லையேல் தனிப் பங்கு தாருங்கள் என்று அவர்கள் கேட்டபோது வெடித்த மோதல் 2008 மார்ச்சில் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில், 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று சொல்லி, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. பெரும்பான்மையே ஒதுங்கி நிற்கும் வளாகத்தில் எத்தனை மரம் நட்டு என்ன பயன்?

எத்தியோப்பியாவின் வடபகுதியைப் பாருங்கள். காடெல்லாம் வயலாகிவிட்ட அந்த நாட்டில், பழைய ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களைச் சுற்றி மட்டும் சிறு காடுகள் மிஞ்சியிருக்கின்றன. மாடு புகுந்து கன்றுகளை மேய்ந்துவிடாமல் இருக்க, வயலில் கிடந்த கற்களைப் பொறுக்கி ஊர் மக்களே சுற்றுச்சுவர் எழுப்புகிறார்கள். உள்ளே போக மனிதர்களுக்கு வாசல் உண்டு. மரத்தைக் காக்கக் கட்டிய சுவர் அது. நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்துச் சுவர் எதைக் காக்கிறது?

அடுத்து, தோட்டம் என்றால் என்ன என்பதிலும் நமக்குத் தெளிவு வேண்டும். இப்போதெல்லாம் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் வளாகம் முழுக்க பேவர் பிளாக் பதிக்கிறார்கள். மிச்ச இடத்தில் கொரியன் புல், ஓரத்தில் கோனோகார்பஸ், முகப்பில் 'புல்லை மிதிக்காதீர்' என்று பலகை. தொழிற்சாலையின் முகப்புத் தோட்டம் எப்படி இருக்கிறதோ அப்படியே. பார்ப்பதற்கான தோட்டம் அது, உட்காருவதற்கானதல்ல.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 1200 மி.மீ. மழை பெய்கிறது. ஒரு ஏக்கர் வளாகத்தில் மட்டும் விழுவது ஏறக்குறைய 48 லட்சம் லிட்டர். கல் பதித்தால் பெரும்பகுதி ஓடிச் சாலையில் தேங்கும். முதலில் மூழ்குவது பள்ளத்தில் இருக்கும் சேரி. மண்ணைத் திறந்து விட்டு, தாழ்வான மூலையில் ஒரு குட்டை வெட்டி, கூரைத் தண்ணீரைக் கிணற்றுப் பக்கம் திருப்பினால் கோடையில் கிணறு ஊறும். புங்கன், பூவரசு, நாவல், இலுப்பை, மருது என நம் மண்ணுக்குப் பழகிய மரங்கள் வேர் பிடிக்கும் வரைதான் தண்ணீர் கேட்கும். விழுந்த இலையைக் கொளுத்தாமல் மரத்தடியிலேயே மூடாக்காகப் போடலாம். வாசலில் ஒரு குடிநீர்க் குழாய், மரத்தடியில் கல்பெஞ்சு, ஷிப்ட் முடிந்து வரும் பெண்களுக்காக விளக்கும் சுத்தமான கழிப்பறையும் வேண்டும்.

இதையெல்லாம் யார் பராமரிப்பது? இங்கேதான் சாதி பின்வாசல் வழியாகத் திரும்ப வரும். நான் சிறுவனாக இருந்தபோது, சபையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் சருகு அள்ளவும் எங்கள் தெருப் பிள்ளைகளைத்தான் 'ஊழியம்' என்று அழைப்பார்கள். கமிட்டி நாற்காலிக்கு மட்டும் வேறு தெருவிலிருந்து ஆள் வரும். தோட்ட வேலைக்குக் கூலி கொடுங்கள். ஊழியம்தான் என்றால் முறை வைத்து எல்லாத் தெருவும் கூட்டட்டும், கமிட்டிக்காரர் கையிலும் துடைப்பம் இருக்கட்டும்.

ஓர் அச்சம் நியாயமானது. சிறுபான்மையினரின் வழிபாட்டிடங்களைக் குறிவைக்கும் கும்பல்கள் வளர்ந்திருக்கும் காலத்தில், கதவைத் திறந்து வைத்தால் வம்பை விலைக்கு வாங்குவதாகாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மதில் உயர்ந்தால் பாதுகாப்பு உயரும் என்று நான் நம்பவில்லை. அந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் இந்துப் பெண்ணும், அந்த மரத்தடியில் இளைப்பாறும் ஒடிசாத் தொழிலாளியும், அங்கே மாலைப் படிப்புக்கு வரும் சேரிப் பிள்ளையும்தான் நாளை வாசலில் வந்து நிற்பார்கள். திறக்கும் நேரம், பூட்டும் நேரம், பொறுப்பாளர் யார் என்பதையெல்லாம் பேசி முடிவு செய்யலாம். வழிபாட்டு நேரத்தின் அமைதியை யாரும் கெடுக்கப் போவதில்லை.

ஆகவே ஆயர்களுக்கும் சபைக் கமிட்டிகளுக்கும் நம் கோரிக்கை இது. முதலில் கல்லறைத் தோட்டத்துச் சாதிச் சுவரை இடியுங்கள். ஒரே குழிவரிசை, ஒரே வாசல். தோட்டத்தைத் திட்டமிடும் குழுவில் தலித்துகளும் பெண்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். வாசலை எல்லா மதத்தாருக்கும் திறந்துவிடுங்கள். இவை நடந்த பிறகு கன்று நட எங்களைக் கூப்பிடுங்கள். கடப்பாரையோடு வருகிறோம். சுவரை இடித்த அதே கடப்பாரையால் குழியும் தோண்டலாம்.