மருந்து முக்காத குச்சி



ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கிராமப் பள்ளியிலிருந்து ஆசிரியை ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சியில் ஓர் அறிவியல் சோதனையைப் போட்டுக் காட்டினாராம். கண்ணாடிக் குடுவையில் நிறம் மாறுகிறது, நுரை பொங்குகிறது, பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். எல்லாம் முடிந்ததும் ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், இதெல்லாம் நம்ம ஊர்ல கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறாள். கிடைக்காது என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாலும், அன்றைக்கு முழுக்க அந்தக் கேள்வி தன்னை விடவில்லை என்கிறார்.

திரையில் அறிவியல் காட்ட நினைக்கிற ஒவ்வொருவரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825 முதல் கிறிஸ்துமஸ் காலத்தில் சிறுவர்களுக்காக அறிவியல் சொற்பொழிவு நடக்கிறது. 1966 முதல் அது தொலைக்காட்சியிலும் வருகிறது. அங்கே மைக்கேல் ஃபாரடே 1848-லும் 1860-லும் பேச எடுத்துக்கொண்டது ஒரு மெழுகுவத்தியை. அமெரிக்காவில் 1951-ல் டான் ஹெர்பர்ட் 'மிஸ்டர் விஸார்ட்' நிகழ்ச்சியைத் தொடங்கினார். பக்கத்து வீட்டுப் பிள்ளை வருவான், இருவரும் வீட்டில் கிடக்கிற சாமான்களை வைத்துச் சோதனை செய்வார்கள். நம் தூர்தர்ஷனில் 1991-ல் வந்த 'டர்னிங் பாயிண்ட்' நிகழ்ச்சியில் பேராசிரியர் யஷ்பால் நேயர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். பெரிய ஆய்வுக்கூடங்களை அறிந்த மனிதர், பிள்ளைகளின் சாதாரணக் கேள்விகளை அத்தனை மரியாதையோடு எடுத்துப் பேசினார்.

எனக்கு இவர்கள் எல்லோரையும்விட நெருக்கமானவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். 1978-ல் புனேயில் பார்த்துவந்த கம்பெனி வேலைக்கு ஓராண்டு விடுப்புப் போட்டுவிட்டு, மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளில் நடந்த அறிவியல் கல்வித் திட்டத்துக்குப் போனார். அங்கே சந்தைக் கடைகளில் மலிவாகக் கிடைப்பதைத் தேடியபோது கையில் சிக்கியவை இரண்டு: தீக்குச்சி, சைக்கிள் வால்வு ட்யூப். ட்யூபைச் சின்னத் துண்டாக நறுக்கி இரு முனையிலும் குச்சியைச் செருகினால் வளைகிற மூட்டு தயார். பின்னாளில் அவர் தூர்தர்ஷனுக்காக 125 படங்களில் இப்படிப்பட்ட விளையாட்டுச் சாமான்களைச் செய்து காட்டினார். 2018-ல் பத்மஸ்ரீ விருதும் வந்தது.

தீக்குச்சி என்றதும் தீப்பெட்டி செய்கிற கோவில்பட்டிக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். வெளியூர்ப் பிள்ளைகள் இந்த மாதிரிகளைச் செய்ய முதலில் குச்சியின் தலையிலிருக்கும் மருந்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். நமக்கு அந்த வேலையே இல்லை. தீப்பெட்டி ஆபீஸில் மருந்து முக்காத குச்சியைக் கேட்டால் கை நிறையத் தருவார்கள். நான்கு குச்சியில் ஒரு சதுரம் செய்து மூலையை லேசாகத் தள்ளுங்கள், சாய்ந்துவிடும். மூன்று குச்சியில் முக்கோணம் செய்து எவ்வளவு அழுத்தினாலும் அது வடிவம் மாறாது. பிறகு வெளியே வந்து, தூத்துக்குடி அனல்மின் நிலையத்திலிருந்து வயல்காட்டைத் தாண்டிப் போகும் கரண்ட் டவரை அண்ணாந்து பாருங்கள். அடியிலிருந்து உச்சிவரை முக்கோணம்தான். இதை விளக்கப் பலகையும் சாக்குக்கட்டியும் தேவையே இல்லை.

குச்சியை நெருப்பாக்கும் வேதியியலும் நம் ஊரிலேயே இருக்கிறது. குச்சி முதலில் மெழுகில் முங்கும், பிறகு மருந்தில். தலை மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் இருக்கின்றன. சிவப்பு பாஸ்பரஸ் பெட்டியின் பக்கவாட்டில் தனியாக இருக்கிறது. இரண்டும் உரசும்போதுதான் தீ. மெழுகு அந்தத் தீயைக் குச்சிக்குக் கொண்டுபோகிறது. ஃபாரடேயின் மெழுகுவத்திக்குச் சற்றும் குறையாத பாடம் இது. ஆனால் தீயோடு செய்யும் சோதனையைத் திரையில் மட்டும் பார்ப்பதே நல்லது. தொலைக்காட்சியால் அங்கேதான் உண்மையான பயன்: குச்சி பற்றுகிற நொடியை மெதுவாக ஓடவிட்டுக் காட்ட எந்த வகுப்பாலும் முடியாது.

காலத்தைச் சுருக்கிக் காட்டவும் கேமராவால் முடியும். கரிசல் மண்ணைக் குழைத்து, அடியில் துளைகள் போட்ட டப்பாவில் நிரப்பி வெயிலில் வையுங்கள். சில நாளில் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்பு ஓடுவதை அரை நிமிடத்தில் திரையில் பார்ப்பது எப்படியிருக்கும்! இப்போது ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். வெடிப்பு வழியாக மளமளவென்று இறங்கி அடியில் சொட்டும். கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு டம்ளர் ஊற்றினால் தண்ணீர் மேலேயே நிற்கும். கரிசலில் இருக்கும் மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் மெல்லிய தகடுகளாக அமைந்தது. தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்ததும் மண் ஊதிப் பெருத்து வெடிப்பை மூடிக்கொள்கிறது. முதல் மழை ஆழத்துக்குப் போய்விடும், அடுத்த மழைக்கு வண்டிச் சக்கரம் புதையும் என்று நம் சம்சாரிகள் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் காரணம் இதுதான். மானாவாரி உளுந்தும் பாசியும் கம்பும் அந்த ஆழத்து ஈரத்தில்தான் பிழைக்கின்றன.

தமிழ்நாடு அரசு 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. மறுவருடம் கொரோனாவால் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது அது செய்த உதவியைப் பெற்றோர் மறக்க மாட்டார்கள். 2022 நவம்பரில் வந்த வானவில் மன்றம் மூலம் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் கருத்தாளர்கள் நேரில் வந்து சோதனைகள் செய்து காட்டுகிறார்கள். இரண்டும் கைகோத்து நம் பக்கம் வர வேண்டும் என்பது என் ஆசை. வேப்பலோடை உப்பளத்தில் பாத்தித் தண்ணீர் எத்தனை 'டிகிரி' என்று மானி விட்டுப் பார்ப்பவரை, அடர்த்தி பற்றிய பாடத்தை நடத்தச் சொல்லிப் படம் பிடிக்கட்டும். தீப்பெட்டி ஆபீஸிலும் கரிசல் காட்டிலும் கேமராவை வைக்கட்டும். சோதனை செய்யும் பிள்ளை நம் ஊர்ப் பேச்சிலேயே பேசட்டும். ஒன்றே ஒன்று வேண்டிக் கேட்கிறேன்: விடையை அவசரமாகச் சொல்லிவிட வேண்டாம். பார்க்கிற பிள்ளை ஊகிக்க, தப்பாகவே ஊகிக்க, கொஞ்சம் இடம் விடுங்கள்.

நாமும் இந்த இதழிலிருந்தே ஆரம்பிக்கலாம். காட்டிலிருந்து எடுத்த பருத்தியில் விதையை நீக்கிவிட்டு, பஞ்சை ஒரு கிண்ணத் தண்ணீரில் போடுங்கள். மருந்துக்கடைப் பஞ்சை இன்னொரு கிண்ணத்தில் போடுங்கள். ஒன்று மிதக்கும், மற்றது உடனே ஊறி முங்கும். அடுத்து, மிதந்த பஞ்சைச் சலவை சோடா கலந்த தண்ணீரில் கொதிக்கவைத்து (அடுப்பு வேலையைப் பெரியவர்கள் செய்யட்டும்), நன்றாக அலசிக் காயவைத்து மறுபடியும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். என்ன ஆயிற்று, ஏன் ஆயிற்று என்று பிள்ளைகள் தங்கள் கையாலேயே எழுதி அனுப்பட்டும். கடிதங்களையும் காரணத்தையும் அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்